கொதிக்கும் சட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஒஸ்லோவில், மேசையிலேயே சட்டி வைத்து நாமே அவித்துச் சாப்பிடுகிற சீனர்களின் கடலுணவுக் கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் ஆலோசனை இதுதான்: சட்டிக்கு அந்தப் பக்கம் யார் உட்காரப் போகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் கடையிலேயே சொல்லித் தருவார்கள். எந்தச் சூப் காரமானது, எந்தக் கரண்டியால் எதை அள்ளுவது, இறால் எத்தனை நிமிடத்தில் வேகும் என்பதையெல்லாம் படம் போட்டு மேசையிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவரோடு நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அதில் படம் இல்லை.

அழைத்தது என் மகள். இங்கே பிறந்தவள், இங்கேயே வேலை செய்கிறாள், நகரத்துக்குள் தனியாக ஒரு வீடு எடுத்து இருக்கிறாள். "அப்பா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களை வெளியிலை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள். அம்மாவும் வருவாவோ என்று கேட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றாள். அப்போதே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி வருகிற நாட்களில் எங்கேயோ ஏதோ ஒரு சதி நடக்கிறது என்பது என் நீண்டகால அனுபவம்.

நான் இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். ஓய்வு நாளில் இன்னொருவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, அவன் பிரேக் பிடிக்கிற விதத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டு, நாங்கள் இருக்கிற லோறென்ஸ்கூக்கிலிருந்து நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கடை வாசலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் நண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. மகள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பிடித்த பிடியைப் பார்த்தால் பாசம் போலவும் இருந்தது, கைது போலவும் இருந்தது.

மூலை மேசையில், சுவரோரமாக, அவன் உட்கார்ந்திருந்தான்.

அவனை என்னவென்று சொல்வது? முப்பது வருடத்துக்கு மேலாக என் நண்பன். நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வடக்கே ஃபின்மார்க்கில், கடலோரத்து ஊர் ஒன்றின் மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். மூன்று குளிர்காலம் ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். பிறகு ஒஸ்லோவுக்கு வந்தோம். நான் பஸ்ஸுக்குப் போனேன், அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடம் பார்க்கிற வேலைக்குப் போனான். என் மகளுக்கு அவன் மாமா. அவளுக்குச் சைக்கிள் பழக்கியதும் அவன்தான். எனக்கு அந்த வேலைக்குப் பொறுமை கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன் நாங்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று எல்லாம் முடிந்தது. அன்றைக்கு எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள், என் வேலையிடத்து நோர்வேக்காரர்களும் வந்திருந்தார்கள். நான் நோர்வே முறையில் சாப்பாட்டையெல்லாம் ஒரு நீண்ட மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, நடுவில் நின்று ஒரே ஒரு தடவை, "வெர்ஸ்கூ, எல்லாரும் போட்டுச் சாப்பிடுங்கோ" என்று அறிவித்தேன். நோர்வேக்காரனுக்கு அது போதும். ஒரு தடவை வெர்ஸ்கூ என்று சொன்னால் அவன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிடுவான். எங்கள் ஆட்களுக்கு அது போதாது. கிட்டப் போய், பெயர் சொல்லி, "ஏன் நிக்கிறியள், வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று கையைப் பிடிக்க வேண்டும். அவர் இப்பதான் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். நாங்கள் அதை நம்பக் கூடாது. இப்படி இரண்டு மூன்று சுற்றுப் போனால்தான் ஒருவர் சாப்பிட உட்காருவார்.

அவன் அரை மணித்தியாலம் சுவரோடு நின்றுவிட்டு, வயிற்றுக்குச் சரியில்லை என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டான். புது வீட்டில் கை நனைக்காமல் போனது எனக்கு அவமானம். ஒருத்தரும் சாப்பிடச் சொல்லவில்லை என்பது அவனுக்கு அவமானம். இதுதான் நடந்தது என்று நான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். அவன் வரட்டும் என்று நான் இருந்தேன், நான் வரட்டும் என்று அவன் இருந்தான். கலியாண வீடுகளில் ஒரே மண்டபத்தில் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்தோம். நான் ஓட்டுகிற பஸ்ஸில் அவன் ஒரு தடவை ஏறினான். என்னைக் கண்டதும் பின்கதவால் இறங்கிவிட்டான். மழை பெய்துகொண்டிருந்தது, அடுத்த பஸ் வர இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அந்த அளவுக்கு.

இப்போது அவன் ஒரேயடியாகப் போகிறான் என்று மனைவி தமிழ்க் கடையில் கேட்டுவிட்டு வந்து சொல்லியிருந்தாள். லண்டனில் இருக்கிற அவனுடைய மகளுக்குக் குழந்தை பிறந்து, அவன் மனைவி முன்பே அங்கே போய்விட்டாள். அவனும் ஓய்வு எடுத்து, ஹவுகெட்டோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டான். வருகிற சனிக்கிழமை விமானம். செய்தியைக் கேட்டுவிட்டு நான், "போகட்டுமே" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அன்றிரவு முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்தேன். இப்படியே போய்விட்டால் இனி எந்தக் காலத்தில் கதைப்பது என்ற பயம் எனக்கு உள்ளே நன்றாகவே இருந்தது. ஆனால் பயம் வேறு, போய் முதலில் கதைப்பது வேறு.

ஆக, மூலை மேசை. என்னைக் கண்டதும் அவன் பாதி எழுந்தான். மகள், "மாமா, இருங்கோ" என்றாள். நான் பாதி திரும்பினேன். "அப்பா, இருங்கோ" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் எங்கள் இருவருக்கும் பக்கவாட்டில், வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இஞ்சை பாருங்கோ ரெண்டு பேரும்" என்று தொடங்கினாள். பஸ் கம்பனியில் புது ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிற பெண்மணியின் குரல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. "சட்டிக்கு நடுவிலை ஒரு தடுப்பு இருக்குது. இந்தப் பக்கம் வெள்ளைச் சூப், உறைப்பு இல்லை. அந்தப் பக்கம் சிவப்பு, சரியான உறைப்பு. கீழை அடுப்பு இருக்குது, மேசையோடை சேந்தது, பட்டனை நான் மட்டும்தான் தொடுவன். ஒவ்வொண்டாப் போடுறது, வெந்தவுடனை எடுக்கிறது, உடனை சாப்பிடுறது. இறாலுக்கு ரெண்டு நிமிசம். கணவாய்க்கு ஒரு நிமிசம் கூட வேண்டாம். எல்லாத்தையும் ஒரேயடியாப் போடக் கூடாது. விளங்குதே?"

"விளங்குது" என்றான் அவன், அவளைப் பார்த்து.

"விளங்குது" என்றேன் நானும், அவளைப் பார்த்து.

தட்டுகள் வந்தன. பாதியாகப் பிளந்த நண்டு, இறால், கணவாய், கறுப்பு ஓட்டு மட்டி, மெல்லிசாக வெட்டிய சல்மன், மீன் உருண்டைகள், கீரை, காளான், வட்டம் வட்டமாகத் தாமரைக்கிழங்கு, கண்ணாடி போல ஒரு நூடுல்ஸ். மூன்று பேருக்கு ஒரு பந்திக்குக் காணும் சாப்பாடு. சல்மனை வெட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். நாருக்குக் குறுக்கே வெட்டாமல் ஏனோதானோ என்று வெட்டியிருந்தார்கள். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்தால் அவனும் அந்தத் தட்டைத்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மீன் தொழிற்சாலையில் எங்களை வேலை பழக்கிய மேற்பார்வையாளர் பார்த்திருந்தால் அந்தத் துண்டுகளைத் தரையில் எறிந்திருப்பார். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் ஒருவருக்கொருவர் சொல்ல முடியாது. கோபத்தில் இருப்பதில் உள்ள பெரிய கஷ்டம் இதுதான். சொல்ல நல்லதாக ஒன்று அகப்படும்போது, அதைக் கேட்கத் தகுதியான ஒரே ஆள் எதிரியாக இருப்பான்.

மகள் ஆறு இறாலை வெள்ளைச் சூப்பில் போட்டாள். "ரெண்டு நிமிசத்திலை எடுத்துச் சாப்பிடுங்கோ. நான் சோஸ் எடுத்துக்கொண்டு வாறன்" என்று, சுவரோரமாகச் சோஸ் வகைகளை வைத்திருந்த மேசைக்குப் போனாள். ஒரு கிண்ணத்தில் எள்ளு அரைத்த கூழை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு தொலைபேசியைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ, இதை நான் எடுக்க வேணும், வேலையிடம்" என்று சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தொலைபேசி அடிக்கவே இல்லை. அவள் தாயின் முழங்கால் மாதிரித்தான் அதுவும்.

இரண்டு நிமிடம் ஆனது. இறால்கள் சிவந்து, சுருண்டு, மேலே மிதந்தன. நான் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. முதலில் கை நீட்டுகிறவன் பசி கண்டவன். மற்றவனைச் சாப்பிடு என்று சொன்னால் முதலில் கதைத்தவன். இரண்டுக்கும் நான் தயாரில்லை, அவனும் தயாரில்லை. ஐந்து நிமிடம் ஆனது. இறால்கள் பாதியாகச் சிறுத்தன. நான் சுவரில் தொங்கிய தங்க மீன் படத்தை ரசித்தேன். அவன் தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான். அது பற்றரியில் ஓடுகிற கடிகாரம்.

பக்கத்து மேசையில் ஒரு இளைஞன் தனியாகச் சின்னச் சட்டி ஒன்று வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எங்களையும் எங்கள் இறால்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தாங்க முடியாமல், "அங்கிள், சாரி, நீங்க தமிழ்ல பேசினது காதுல விழுந்துச்சு. அந்த இறால் வெந்து ரொம்ப நேரம் ஆச்சு. எடுத்துருங்க, இல்லன்னா ரப்பர் ஆயிடும்" என்றான். தமிழ்நாட்டுப் பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறவனாம்.

"ஓம் தம்பி, எடுக்கிறம்" என்றேன். எடுக்கவில்லை. ஆனால் ஊரான் பிள்ளை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருப்பதும் அழகில்லை. என்னவாவது செய்ய வேண்டும் என்று, நண்டுத் தட்டை எடுத்துச் சிவப்புச் சூப்பில் கொட்டினேன்.

ஏன் சிவப்பில் கொட்டினேன், ஏன் முழுத் தட்டையும் கொட்டினேன் என்று மகள் பிறகு என்னை விசாரித்தாள். பதில் சுலபம். சிவப்பாகக் கொதிக்கிற தண்ணீரையும் பிளந்த நண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் யாழ்ப்பாணத்து ஆளுக்குக் கண்ணில் வேறொன்றும் தெரியாது. எங்கள் ஊர்க் கூழ்தான் தெரியும், நண்டும் மீனும் கிழங்கும் கீரையும் மாவும் போட்டுக் காய்ச்சுகிறது. கூழுக்கு முதலில் நண்டு போட வேண்டும்.

அவன் அதைப் பார்த்தான். ஒரு விநாடி யோசித்தான். பிறகு தாமரைக்கிழங்குத் தட்டை எடுத்துக் கொட்டினான். சரிதானே, கிழங்கு வேக நேரம் எடுக்கும், அது நண்டோடு போக வேண்டியதுதான். நான் மட்டியைப் போட்டேன். அவன் கீரையைக் கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். நான் கணவாயைப் போட்டேன். அவன் சல்மன் தட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது போடலாமா என்பது போல என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான். நான் கையால் பொறு என்று காட்டினேன். மீன் கடைசியில்தானே போட வேண்டும். அவன் பொறுத்தான். அந்த வடக்கு ஊரில், பனங்கிழங்கு ஒடியல் மாவுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றி நாங்கள் கூழ் காய்ச்சிய அறையில், எங்களுக்கு இடையில் இதே மாதிரித்தான் வேலை நடக்கும். அப்போது கதைத்துக்கொண்டு செய்தோம் என்பதுதான் வித்தியாசம்.

மீனும் போயிற்று. கூழ் தடிக்க வேண்டுமே. மா இல்லை. அவன் மேசையைச் சுற்றிப் பார்த்தான். மகள் கொண்டுவந்து வைத்த எள்ளுக் கிண்ணத்தை எடுத்து, விரலால் வழித்து, முழுவதையும் சட்டிக்குள் ஊற்றினான். நான் கண்ணாடி நூடுல்ஸையும் அதற்கு மேல் அமுக்கினேன். நூடுல்ஸ் குடிக்கிற தண்ணீருக்கு அளவே கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டி எழும்பியது. தடுப்பைத் தாண்டி வெள்ளைப் பக்கத்துக்குள் போய், அங்கே கிடந்த ரப்பர் இறால்களையும் சேர்த்துக்கொண்டு விளிம்பால் வழிந்து மேசையில் பாய்ந்தது. அடுப்பு விடாமல் கீச்சிட்டுக் கத்திவிட்டுத் தானாக அணைந்தது.

பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள். சீனப் பிள்ளை, ஆனால் நோர்வேஜிய மொழியை என் மகள் பேசுகிற அதே இழுவையில் பேசினாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டியால் ஒரு தடவை கிண்டிப் பார்த்தாள். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. கோபப்படவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினாள் போலிருந்தது. "இது உங்கள் நாட்டில் இப்படித்தான் செய்வார்களா?" என்று கேட்டாள்.

"யா" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். அது அவளுக்குச் சொன்ன பதில். ஆகவே கதைத்ததாகக் கணக்கில் வராது.

அவள் மேசையைத் துடைத்து, அடுப்பை மறுபடி மூட்டிவிட்டு, ஒரு மாதிரி மரியாதையோடு பின்வாங்கினாள். இனிச் சாப்பிடாமல் இருந்தால் அவளுக்கு நாங்கள் சொன்னது பொய்யாகிவிடும். நான் ஒரு கிண்ணத்தில் எனக்கு அள்ளினேன். அவன் ஒரு கிண்ணத்தில் தனக்கு அள்ளினான். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய்.

நான்காவது வாயில் என் உதடு காணாமல் போயிற்று.

பல்லுக்கு ஊசி போட்டால் வருமே, அந்த விறைப்பு. முதலில் உதடு, பிறகு நாக்கின் நுனி, பிறகு நாக்கு முழுவதும். உறைப்பு என்றால் எனக்குத் தெரியும், நான் மிளகாய்த்தூளில் வளர்ந்தவன். இது உறைப்பு இல்லை. எனக்கு அறுபது வயது ஆகிறது, பிரஷருக்குக் குளிசை போடுகிறேன். காலையில் அதைப் போட்டேனா என்று யோசித்தேன், நினைவில்லை. நினைவில்லாததே ஒரு அறிகுறி என்று தோன்றியது. மூளையில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது. சீனக் கடையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசியில் இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டா போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் மூன்று காரியம் செய்து பார்க்க வேண்டும் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் பாடமாகச் சொல்லித் தருவார்கள். பேச வேண்டும், சிரிக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ, சிரிப்புக் கோணினாலோ, ஒரு கை கீழே விழுந்தாலோ உடனே அம்புலன்ஸ். பஸ் கம்பனியில் வருடா வருடம் எங்களுக்கு இதில் பயிற்சி உண்டு. பேசுவது எனக்கு இருந்த சூழ்நிலையில் இயலாத காரியம். ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் சிரித்துப் பார்த்தேன். எதிரில் வேறு ஆள் இல்லாததால் அவனைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டியிருந்தது. வாயின் இரண்டு ஓரமும் சரியாகப் போகிறதா என்று தெரியாததால் முடிந்தமட்டும் அகலமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன்.

நான்கு வருட எதிரி திடீரென்று முழுப் பல்லையும் காட்டி, இரண்டு கையையும் தூக்கினால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? அவன் கரண்டியைக் கீழே வைத்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. என்னைப் பார்த்தபடியே, மெதுவாக, அவனும் பல்லைக் காட்டினான். அவனும் இரண்டு கையைத் தூக்கினான். பள்ளிக்கூடத்திலும் அதே பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது.

அப்படியே இருந்தோம். இரண்டு கிழவர்கள், நடுவில் சட்டி, நான்கு கை மேலே. மிச்சம் இருந்தது பேச்சு. பேசிப் பார்க்காமல் செத்துப் போகவும் முடியாது. என்ன பேசுவது என்று யோசிக்க நேரம் இல்லை. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"சாப்பிடு மச்சான்."

குழறவில்லை. தெளிவாகத்தான் வந்தது.

அவன் கையை இறக்கவில்லை. அவனுடைய சோதனையும் முடிய வேண்டுமே. "உனக்கும் விறைக்குதோடா?" என்றான். அவனுக்கும் குழறவில்லை.

"ஓமடா. வாயே இல்லை."

"எனக்கு நாக்கு முழுக்க விறைச்சுப் போச்சுது. நான் பிள்ளையைக் கூப்பிடுவமெண்டு பாத்தனான், நீ சிரிக்கிறாய்."

"நான் உன்னைப் பாத்துச் சிரிக்கேல்லை. சோதிச்சனான்."

பக்கத்து மேசைப் பிள்ளை எழுந்தே வந்துவிட்டான். "அங்கிள், என்னாச்சு? ஏன் கைய தூக்கிட்டு இருக்கீங்க?" விறைக்கிறது என்றோம். அவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. வாயைத் தொட்டுக் காட்டினோம். "ஓ, மரத்துப் போச்சா? அது சிச்சுவான் மிளகு அங்கிள். சிவப்பு சூப்ல நிறைய போடுவாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும், பத்து நிமிஷத்துல சரியாயிடும்" என்றான். பிறகு எங்கள் சட்டிக்குள் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போய் உட்கார்ந்தான். நல்ல வளர்ப்பு.

அதற்குப் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்புக்கு, அந்தக் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மேசையில் தலையை வைத்துவிட்டான். எனக்கு மூச்சு முட்டியது. உதடு விறைத்திருக்கும்போது சிரித்தால் வாயைத் திரும்ப மூட முடியாது. அதைப் பார்த்து மற்றவன் மறுபடி தொடங்குவான். வாசல் கண்ணாடிக்கு வெளியே மகள் நண்டுத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறோமா சண்டை பிடிக்கிறோமா என்று அவளுக்கு நிச்சயமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே வரவில்லை.

"புளி இல்லாமல் என்னடா கூழ் இது" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எள்ளு ஊத்தினது ஆர்?"

"மாவுக்கு நான் எங்கை போறது? நீ நூடுல்ஸைப் போட்டுச் சட்டியையே மூடினனீ."

அவன் இன்னொரு கிண்ணம் அள்ளினான். எனக்கும் அள்ளி வைத்தான். நண்டின் பெரிய கால் என் கிண்ணத்தில் விழுமாறு பார்த்துப் போட்டான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தோடு விட்டிருக்கலாம். சிரித்தாயிற்று, சாப்பிட்டாயிற்று, சனிக்கிழமை அவன் சந்தோஷமாகப் போயிருப்பான். ஆனால் நான் எல்லோருக்கும் சொல்லி வந்த கதையில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"அண்டைக்கு நீ சுவரோடை நிண்டதை நான் கண்டனான்" என்றேன்.

அவன் நண்டு உடைப்பதை நிறுத்தவில்லை.

"கண்டும் நான் வரேல்லை. எங்கடை பொஸ்ஸுக்கு வீட்டைச் சூடாக்கிற மிசினைக் காட்டிக்கொண்டு நிண்டனான். நீ அந்த மீன் தொழிற்சாலை ஜாக்கெட்டோடை வந்திருந்தனீ. கையிலை பேரெல்லாம் போட்ட அந்தப் பழசு. அவன் உன்னைக் காட்டி, அது ஆரெண்டு கேட்டவன்." நான் நண்டுக் காலைக் கிண்ணத்தில் திருப்பி வைத்தேன். "நான் சொன்னனான்…"

"தெரிஞ்ச ஒராள் எண்டு சொன்னனீ" என்றான் அவன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நோஷ்க்கிலைதானே சொன்னனீ. எனக்கு நோஷ்க் விளங்காதே? நீ என்ன, நான் என்ன, ஒண்டா வகுப்புக்குப் போனாக்கள்."

நோர்வேஜிய மொழியை நானும் அவனும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் படித்தோம். அவன் என்னைவிட நன்றாகப் படித்தான். அன்றைக்கு அவன் என்னிடமிருந்து ஐந்து அடி தூரத்தில் நின்றான். கேட்டிருக்க மாட்டான் என்று நான் எப்படித்தான் நான்கு வருடம் நம்பினேனோ தெரியவில்லை. அல்லது நம்பவே இல்லையோ என்னவோ. புது வீடு, புதுத் தளபாடம், பொஸ், நான் கழுத்தில் கட்டியிருந்த ரை. அதற்கு நடுவில் அந்த ஜாக்கெட் எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று குளிர்காலம் எனக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

"நீ சாப்பிடாமல் போனது அதுக்காகத்தானே?"

"பின்னை? சாப்பிடச் சொல்லேல்லை எண்டு போறதுக்கு நான் என்ன மாப்பிள்ளை வீட்டுக்காரனே? பசி வந்தால் உன்ரை குசினிக்குள்ளை போய் நானே போட்டுச் சாப்பிட்டிருப்பன். சனத்துக்கு என்னவாவது சொல்ல வேணுமெண்டு அப்பிடிச் சொன்னனான்."

"அப்பவே என்னைப் பிடிச்சு நாலு ஏச்சு ஏசியிருக்கலாமேடா."

"நான் ஏன் ஏச வேணும்? நீயெல்லோ வர வேணும்." அவன் கையைத் துடைத்தான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். "நீ வந்தாலும் வருவாய் எண்டு ஞாயிற்றுக்கிழமையிலை நான் ஒரு இடமும் வெளிக்கிடுறேல்லை. உனக்கு அண்டைக்குத்தானே லீவு. நாலு வருசம். மனிசி கூட ஏசுவா, ஞாயிற்றுக்கிழமை எண்டால் மனுசன் கதிரையை விட்டு அசையாது எண்டு. இண்டைக்குத்தான், போகப் போறம், பிள்ளை ஆசையாக் கூப்பிடுது எண்டு வெளிக்கிட்டனான்."

லோறென்ஸ்கூக்கில் என் வீட்டிலிருந்து ஹவுகெட்டோவில் அவன் வீட்டுக்குக் காரில் இருபது நிமிடம்தான்.